மலையூர் அடுப்படிக் கோளாறுகள்: பொங்காத மாவு, வேகாத பருப்பு, உறையாத தயிர்

ஊட்டிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் வாரம் ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்று கேட்பார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து கேள்வியெல்லாம் அடுப்படி பற்றித்தான். எங்கள் மாடி வீட்டுக்குக் குடிவருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே பதில்களைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்காரர்களுக்கும் இது பொருந்தும். நேரக் கணக்கு மட்டும் கொஞ்சம் முன்பின் ஆகும்.

இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இங்கே தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் அதன் சூடு 100 டிகிரி கிடையாது. ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலில் ஏறக்குறைய 93, குன்னூரில் 94. அடுத்தது, அடுப்படி எவ்வளவு குளிர்ந்தாலும் அது பிரிட்ஜ் ஆகாது. என்னிடம் வருகிற புகார்களில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவை.

உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசில்லாமல் சரியாவதை முதலில் சொல்லியிருக்கிறேன், செலவு வைப்பது கடைசியில்.

## இட்லி மாவு பொங்கவில்லை

அரைத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று? எட்டு மணி நேரம்தான் ஆயிற்று என்றால் இது கோளாறே இல்லை, அவசரம். கீழே, மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் தட்டில் ஊற்றலாம். இங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொட்டும் நாட்களில் 18 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு காலை இட்லி வேண்டுமா, சனிக்கிழமை விடிகாலையே மாவு பாத்திரத்தில் இருக்க வேண்டும்.

### மாவு கல்லு மாதிரி கிடக்கிறது, வாசனையும் மாறவில்லை

பாத்திரத்தின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. மாவு நன்றாகப் புளிக்க 28 முதல் 32 டிகிரி வேண்டும். குளிர்கால ராத்திரியில் நம் அடுப்படியில் அதில் பாதிகூட இருக்காது.

இப்போது கையில் இருக்கும் மாவைக் காப்பாற்ற ஒரு பெரிய அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்குங்கள். தண்ணீர் மாவின் மட்டத்துக்கு வந்தால் போதும். மூடி, மேலே கம்பளியைப் போர்த்திவிடுங்கள். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஓரத்து மாவு வெந்து கட்டி தட்டிவிடும்.

அடுத்த தடவைக்கு, ஊறப்போடுவதிலேயே ஆரம்பியுங்கள். குழாய்த் தண்ணீர் இங்கே பனிக்கட்டி மாதிரி வரும். அதில் நாலு மணி நேரம் போட்டால் அரிசி ஊறியிருக்காது, நனைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். கீழே கிரைண்டர் சூடாகிவிடுமே என்று ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை மலையேறும்போதே விட்டுவிட வேண்டும், இங்கே வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத்தான் அரைக்க வேண்டும். ஊறுகிற உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயமும், அரிசியோடு ஒரு கைப்பிடி அவலும் சேர்ந்தால் இன்னும் நல்லது. கடைசியில் கையைவிட்டு நன்றாகக் கரையுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். மீன், ஐஸ்கிரீம் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று கிடைத்தால் அதைவிட உத்தமம் வேறில்லை. உள்ளே மாவுப் பாத்திரம், பக்கத்தில் வெந்நீர் நிரப்பி இறுக மூடிய ஸ்டீல் பாட்டில், மேலே மூடி. எரிகிற அடுப்பின் பக்கத்திலோ, ரூம் ஹீட்டருக்கு நேராகவோ வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாகி, மேல் மாவு காய்ந்து தோல் கட்டிவிடும்.

உப்பைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. உப்பு கூடினால் புளிப்பது மந்தமாகும் என்பது உண்மைதான். அதனால் குளிர்காலத்தில் பொங்கின பிறகு உப்புப் போடுங்கள், சண்டை முடிந்தது. அயோடின் உப்புதான் மாவைக் கெடுக்கிறது என்று சொல்லி வீட்டிலிருந்தே அதை ஒழித்துவிடுகிறவர்களும் உண்டு. மாவுக்குக் கல்லுப்பு போட்டுக்கொள்ளுங்கள், குழம்புக்கும் பொரியலுக்கும் அயோடின் உப்பு இருக்கட்டும். மழை அரித்த மலை மண்ணில் அயோடின் குறைவாக இருப்பது வழக்கம்.

### புளித்த வாசனை வருகிறது, ஆனால் எழும்பவில்லை

இது குளிரின் வேலை இல்லை, உளுந்தின் வேலை. உளுந்தை அரைத்து முடித்ததும் ஒரு சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பதம். மூழ்கினால் இன்னும் அரைய வேண்டும், அல்லது தண்ணீர் கூடிவிட்டது. எவ்வளவு அரைத்தாலும் மூழ்குகிறதா? உளுந்து பழசு. வேறு கடையில் கால் கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள். கீழே 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து போட்டவர்கள் இங்கே 3க்கு 1 போட்டால் தைரியமாக இருக்கலாம்.

புது உளுந்தும் மிதக்கவில்லை, மாவு விரலில் நறநறக்கிறது என்றால் கிரைண்டர் கல் தேய்ந்திருக்கும். கல் கொத்துகிறவரைக் கூப்பிட வேண்டியதுதான். மிக்ஸியில் அரைக்கிறவர்கள் பிளேடைப் பாருங்கள்.

### மாவு பொங்கியது, இட்லி மட்டும் தட்டையாக, நடுவில் ஈரமாக வருகிறது

ஆவியும் இங்கே 93 டிகிரிதான். கீழே 10 நிமிடம் என்றால் இங்கே 14, 15 நிமிடம் வையுங்கள். கொப்பரைத் தண்ணீர் கொதித்து ஆவி வெளியே வந்த பிறகே தட்டை இறக்குங்கள். பொங்கின மாவை அடிவரை கலக்கித் தொலைக்காமல் மேலாக அள்ளி ஊற்றுங்கள்.

### மாவில் நிறம் தெரிகிறது

இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்புப் புள்ளி, பஞ்சு மாதிரி எது தெரிந்தாலும் முழு மாவையும் கொட்டிவிடுங்கள். மேலே மட்டும் வழித்துவிட்டு தோசை வார்க்கிற வேலை வேண்டாம். பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி வெந்நீர் ஊற்றி அலசுங்கள். ஆறிய தோசைக் கரண்டியையோ ஈரக் கையையோ மாவில் விடுகிற வீடுகளில்தான் இது திரும்பத் திரும்ப வருகிறது.

## பருப்பு வேகவில்லை

"அக்கா, ஆறு விசில் விட்டேன், பருப்பு முழிச்சுப் பார்க்குது" என்று வாசலில் குக்கரோடு வந்து நிற்பார்கள். முதலில் விசிலை எண்ணுவதை நிறுத்துங்கள். அடுப்பைப் பெரிதாக வைத்தால் ஆறு விசிலும் நாலு நிமிடத்தில் வந்துவிடும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக் குக்கருக்குள் கீழே 120 டிகிரி வரை சூடு ஏறும், ஊட்டியில் 115, 116 தான். அதனால் கீழே 10 நிமிடம் வைத்ததை இங்கே 13 நிமிடம் வையுங்கள். குன்னூரில் 12 போதும்.

### விசில் ஒழுங்காக வருகிறது, நேரமும் கொடுத்தாயிற்று, வேகவில்லை

துவரம்பருப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், தக்காளியையோ புளியையோ பருப்போடு சேர்த்து வைக்கிறீர்களா? புளிப்பு பருப்பை வேகவிடாது. பருப்பு மசிந்த பிறகு சேருங்கள்.

அப்புறம் தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் வருகிற வீடுகளில் பிரச்சினை குறைவு. போர் தண்ணீர் என்றால் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒருநாள் குடிக்கிற கேன் தண்ணீரில் அதே பருப்பை வேகவிடுங்கள். வெந்துவிட்டால் குற்றவாளி தண்ணீர். வேகவில்லையா, பருப்பு பழசு. கடையை மாற்றுங்கள். சிட்டிகை சோடா உப்பு போட்டால் மசியும், ஆனால் பருப்பிலுள்ள பி1 வைட்டமினைச் சோடா கெடுத்துவிடும். தினசரி வழக்கமாக்க வேண்டாம்.

### விசிலே வரவில்லை, மூடி ஓரத்தில் ஆவி போகிறது

அடுப்பை அணைத்து, அழுத்தம் முழுக்க இறங்கின பிறகு மூடியைத் திறந்து கேஸ்கெட்டை வெளியே எடுங்கள். குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். விரலால் மடக்கிப் பாருங்கள்: வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டதும் இளகினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மடக்கும்போது மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, வளையம் தளர்ந்து மூடிக்குள் நிற்காமல் ஆடினாலோ மாற்றுங்கள். அதே கம்பெனி, அதே லிட்டர் அளவு கேட்டு வாங்குங்கள். கேஸ்கெட்டின் மேல் மாவு தடவி ஒப்பேற்றுகிற வித்தை ஆபத்தானது.

### விசிலும் வரவில்லை, ஓரத்திலும் ஆவி இல்லை

இதுதான் பயப்பட வேண்டிய நிலை. உடனே அடுப்பை அணையுங்கள், மூடியைத் தொடாதீர்கள், தானாக ஆறட்டும். ஆறின பிறகு வெயிட் உட்காருகிற குழாயை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் பருப்புத் தோல் அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி, தண்ணீர் விட்டு ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சேஃப்டி வால்வு ஒருமுறை உருகிவிட்டால் புதிது போடாமல் குக்கரை அடுப்பில் ஏற்றக்கூடாது. அதைத் திருகாணி வைத்து அடைத்துத் தருகிற கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாமல் சர்வீஸ் கடைக்குப் போங்கள். மூடியோ கைப்பிடியோ வளைந்திருந்தால் புதுக் குக்கர்தான்.

### ராஜ்மா, காய்ந்த அவரை, பட்டாணி

குளிர்ந்த நீரில் இவை மெல்லத்தான் ஊறும். 12 மணி நேரம் விடுங்கள், இடையில் தண்ணீரை மாற்றுங்கள். ராஜ்மாவில் மட்டும் ஒரு கண்டிப்பு. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கிற ஒரு புரதம் சில மணி நேரத்திலேயே வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். முழுக் கொதி கண்டால்தான் அது அடங்கும். நம் ஊர்க் கொதி 100ஐத் தொடாது என்பதால் திறந்த பாத்திரத்தில் சமைக்காதீர்கள், குக்கரிலேயே வையுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை தெரிந்தால் திரும்ப ஏற்றுங்கள். சீசனில் தோலுரித்து விற்கிற பச்சை பட்டர் பீன்ஸுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் தேவையில்லை, ஆனால் அதையும் பச்சையாக மெல்ல வேண்டாம்.

## சாதம் நடுவில் விறைக்கிறது, முட்டை குழகுழக்கிறது

வடிக்கிற சாதத்துக்கு அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கூட்டி, மூடி போட்டு வேகவிடுங்கள். தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. முட்டைக்குக் கொதி வந்ததிலிருந்து 14, 15 நிமிடம்.

பாகு காய்ச்சுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். வெளியூர்ச் சமையல் குறிப்பில் தெர்மாமீட்டர் அளவு கொடுத்திருந்தால் ஊட்டியில் அதிலிருந்து 7 டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று விரலில் பார்க்கிறவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். விரல் பார்ப்பது பாகின் கெட்டியை, அதற்கு உயரம் தெரியாது. கேக் உப்பி நடுவில் அமுங்கினால் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறையுங்கள்.

## தயிர் உறையவில்லை

### காலையிலும் பாலாகவே இருக்கிறது

பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது உறை ஊற்ற வேண்டும் என்பது கீழ்நாட்டுக் கணக்கு. இங்கே அந்தச் சூடு கால் மணி நேரம் தங்காது. சுண்டு விரலைப் பாலில் விட்டு ஏழு, எட்டு எண்ணும் வரை பொறுக்க முடிகிற சூடு சரி, ஏறக்குறைய 43 டிகிரி. பிரிட்ஜிலிருந்து எடுத்த உறையை அப்படியே போடாதீர்கள், அடுப்படியில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். அளவும் கூட வேண்டும்: அரை லிட்டருக்கு ஒரு ஸ்பூன் என்பது இங்கே இரண்டு. ஹாட் பேக்கை வெந்நீர் ஊற்றி அலசிவிட்டு அதில் ஊற்றி மூடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஆட்டாதீர்கள். உறைந்ததும் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

### நூல் நூலாக இழுக்கிறது

சூடு போதாமல் மெல்ல உறைந்ததாலோ உறை கெட்டதாலோ வருவது. வேறு வீட்டு உறை வாங்கிப் போடுங்கள். இந்தத் தயிரிலிருந்து அடுத்த உறைக்கு எடுக்காதீர்கள். வாசனை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

### திரிந்து தண்ணீர் விட்டுவிட்டது

பால் ரொம்பச் சூடு. வேறொன்றும் இல்லை.

## கேஸ் அடுப்பு பாதிச் சமையலில் சோர்ந்துபோகிறது

சிலிண்டரின் கீழ்ப்பக்கம் வியர்த்திருக்கிறதா, தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறதா? இரண்டு பர்னரும் பெரிதாக எரியும்போது மட்டும் சோர்கிறதா? அப்படியானால் குளிரில் உள்ளே இருக்கிற திரவம் வேகமாக வாயு ஆகவில்லை. ஒரு பர்னரை அணைத்து அரை மணி நேரம் விட்டால் தேறிவிடும். வெளித் திண்ணையில் கம்பிக் கூண்டில் சிலிண்டர் வைக்கிற வீடுகளில் ஜனவரி முழுக்க இந்தப் புகார்தான். காற்றோட்டமான அடுப்படிக்குள் நிமிர்த்தி வைத்தால் பாதி சரியாகும்.

தீர்ந்துவிட்டதா என்ற சந்தேகத்துக்கு எடை போடுங்கள். சிலிண்டரின் மேல் வளையத்தில் வெற்று எடை எழுதியிருக்கும். நிறைந்தால் அதோடு 14.2 கிலோ.

செய்யவே கூடாதவை: சிலிண்டரின் மேல் வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் கணப்பு மூட்டுவது, படுக்கப்போட்டு உருட்டுவது.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் முதலில் பர்னரைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்தி, கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அப்படியும் மஞ்சள் என்றால் காற்று வருகிற வழியைச் சரிசெய்ய மெக்கானிக்தான் வர வேண்டும். வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். அந்த எண் 24 மணி நேரமும் உண்டு.

கேஸ் வேலை செய்யவில்லை, குளிரும் தாங்கவில்லை என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். கரிப்புகை தெரியாவிட்டாலும் அதன் நச்சு வாயு இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

## ராத்திரி வெளியே வைத்த குழம்பு நுரைக்கிறது, சாதம் வழவழக்கிறது

"இந்தக் குளிருக்குப் பிரிட்ஜ் எதுக்குங்க?" என்று கேட்காத குடித்தனக்காரர் இல்லை. கிருமிகள் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். ஏப்ரல், மே பகலில் நம் அடுப்படி 20ஐத் தாண்டும். டிசம்பர் ராத்திரியில் பத்தை ஒட்டி இருக்கும். இரண்டும் அந்த நடுவில்தான். கீழே நாலு மணி நேரத்தில் கெடுவது இங்கே பத்து மணி நேரத்தில் கெடும், அவ்வளவுதான். அதோடு மெல்லக் கெடுவதால் வாசனையும் மெல்லத்தான் தெரியும்.

நுரைத்த குழம்பைக் கொதிக்க வைத்துச் சாப்பிட வேண்டாம். சாதத்தில் வளர்கிற ஒரு வகைக் கிருமி விட்டுப்போகிற நஞ்சு, சூடு செய்தாலும் போகாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் அகலப் பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து பிரிட்ஜுக்குள் வையுங்கள்.

பழைய சோற்றையும் கேட்பார்கள். கீழே ராத்திரி நீரூற்றி வைத்தால் காலையில் இதமாகப் புளித்திருக்கும். இங்கே குளிர்காலத்தில் அது புளிப்பதே இல்லை. புளிக்காத பழைய சோறு வெறும் நேற்றைய சோறுதான். வெயில் மாதங்களில் மட்டும் வையுங்கள்.

### பிரிட்ஜ் ஓடுகிறது, ஆனால் பிரீசரில் வைத்த மீன் இளகியிருக்கிறது

இது மலையூருக்கே உரிய விசித்திரம். சுற்றியிருக்கிற அறை குளிர்ந்துவிட்டால் பிரிட்ஜ் தன் வேலை முடிந்தது என்று நினைத்து மோட்டாரை ஓட்டாமல் விட்டுவிடும். கீழ்த்தட்டு ஜில்லென்று இருக்கும், பிரீசர் இளகும். உள்ளே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் வகை 'டி' (T) என்று போட்டிருந்தால் அது 16 முதல் 43 டிகிரி வரை உள்ள அறைக்காகச் செய்தது. நம் ஜனவரி அதற்குக் கணக்கிலேயே இல்லை.

சோதிக்க, ஒரு சின்ன டம்ளரில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். இரண்டு நாள் கழித்துக் காசு பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால் நடுவில் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. பிரிட்ஜைத் திண்ணையிலிருந்தோ வடக்குப் பக்க ஸ்டோர் ரூமிலிருந்தோ அடுப்படிக்கு மாற்றுங்கள். அல்லது குளிர் அளவை ஒரு படி கூட்டுங்கள். சில மாடல்களில் குளிர்காலத்துக்கென்றே ஒரு ஸ்விட்ச் இருக்கும். கதவு ரப்பரில் ஒரு தாளைச் சொருகி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பர் மாற்ற வேண்டும். வெயில் நாளிலும் இளகினால்தான் மெக்கானிக்.

## பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட் என்றால் ஒன்றுமில்லை. கீழே அடைத்த காற்று மேலே வந்ததும் விரிகிறது. பர்லியாறு கொண்டை ஊசி வளைவுகளில் காரிலேயே உப்புவதைப் பார்க்கலாம்.

பால் பாக்கெட் உப்பியிருந்தால் வேறு கதை. அதற்குள் விரிவதற்குக் காற்றே கிடையாது. உப்பியது கெட்டுப்போன வாயுவால், திருப்பிக் கொடுங்கள். பனீர், இறைச்சி வாக்குவம் பாக்கெட்டுக்கும் இதே கணக்கு. தகர டின்னின் மூடி புடைத்திருந்தால் நாக்கில்கூட வைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். வீட்டில் காயை வேகவைத்துப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கிற முயற்சியும் மலையில் வேண்டாம். இங்கத்திய கொதிநீர் அதற்குப் போதாது. எலுமிச்சை, வினிகர் சேர்ந்த ஊறுகாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## உருளைக்கிழங்கு

பச்சை படர்ந்திருக்கிறதா? ஜன்னல் வெளிச்சத்தில் வைத்திருக்கிறீர்கள். லேசாக இருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறியுங்கள். பாதிக்கு மேல் பச்சை என்றால் கிழங்கையே எறியுங்கள். வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு குறையாது. வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள். சாக்குப் பை, இருட்டு, காற்றோட்டம் இருந்தால் பச்சை வராது.

வறுவல் இனிக்கிறது, சீக்கிரம் கருகுகிறது என்று குளிர்காலத்தில் கேட்பார்கள். கிழங்கு குளிரில் இருந்து மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டது. ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து அடுப்படி அலமாரியில் ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். ஓரளவு மீளும். அதுவரை வறுவலை விட்டுக் குருமாவுக்குப் போடுங்கள். பிரிட்ஜில் கிழங்கு வைக்கிறவர்களுக்கும் இதே பதில்.

## மேலே வெள்ளையாக இருக்கிறது

தேங்காயெண்ணெய் உறைவதும், தேன் சர்க்கரை கட்டுவதும் கெட்டதற்கு அடையாளம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்துங்கள். கடைத்தெருவில் வாங்கின சாக்லேட்டின் மேல் வெண்தூசி மாதிரி படிந்திருந்தால் அது கொழுப்போ சர்க்கரையோ வெளியே வந்தது, சாப்பிடலாம். பஞ்சு மாதிரி முடி முளைத்திருந்தால் பூஞ்சை, கூடாது.

ஜூலை, ஆகஸ்ட் மழையில் நிலக்கடலை, காய்ந்த மிளகாய், மாவு வகைகளைத்தான் கவனிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையைத் தட்டி, புடைத்து, வறுத்துப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள நஞ்சு வறுத்தாலும் நிற்கும், கல்லீரலைத்தான் பதம்பார்க்கும். கிலோக் கணக்கில் வாங்காமல் கால் கிலோ வாங்குங்கள். வர்க்கி நமுத்துப்போனால் மட்டும் கவலை வேண்டாம், தோசைக் கல்லில் சிறு தீயில் இரண்டு நிமிடம் வைத்தால் திரும்ப மொறுமொறுக்கும்.

## காய்ச்சின தண்ணீர்தான் குடிக்கிறோம், ஆனாலும் வயிறு சரியில்லை

கொதி வந்ததும் அணைக்கிறீர்களா? 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் கொதி வந்த பிறகு 3 நிமிடம் விட வேண்டும். ஊட்டியும் கொடைக்கானலும் அந்தக் கணக்கில் வரும், குன்னூர்க்காரர்களும் அப்படியே செய்துவிட்டுப் போகலாம். அடுத்து, காய்ச்சின தண்ணீரை ஊற்றுகிற குடத்தைப் பாருங்கள். உள்சுவரில் விரலை ஓட்டினால் வழுக்குகிறதா? தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துங்கள். மாடித் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். (எங்கள் வீட்டில் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டால் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, தாகத்துக்காகக் காத்திருக்காதீர்கள். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் ஆஸ்பத்திரி. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்களுக்கு இத்தனை அடையாளத்துக்காகக் காத்திருக்கவே கூடாது.

மழைக்காலத்தில் புல்வெளியில் பறித்த காளானைச் சாப்பிட்டிருந்தால் வாந்தி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போங்கள், வண்டி இல்லாவிட்டால் 108. கொல்லும் காளான் பலவற்றுக்கு 6 மணி நேரம் கழித்துத்தான் வயிறு கலங்கும், அப்புறம் ஒருநாள் சரியானது போலத் தெரியும், அந்த நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், மாடு தின்றதைத் தின்னலாம் என்பதெல்லாம் நம்பத்தக்க சோதனை இல்லை. மீதிக் காளானையும் குழம்பையும் கொட்டிவிடாமல் ஒரு டப்பாவில் மூடிக் கையோடு எடுத்துப்போங்கள், டாக்டர் கேட்பார்.